மறுகா என்றால் மறுபடியும் அல்ல

நான் ஒரு சட்டத்தரணி. கோபக்காரி என்றும் சொல்வார்கள். அதை மறுத்து வாதாட என்னிடம் சாட்சி யாரும் இல்லை.

பல வருடங்களாக எங்கள் வாவிக்கரை நீதிமன்றத்தில் தொண்டை வற்றப் பேசிக்கொண்டிருக்கிறேன். வழக்கென்றால் நடந்ததைச் சொல்வதுதானே என்று சனம் நினைக்கிறது. நடந்ததை எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வழக்கும் கிடக்கிறது. ஒருவர் அடுத்த வளவு வாழைக்குலையோடு பிடிபடுகிறார் என்று வையுங்கள். "திருடினார்" என்று பொலிசார் எழுதினால் அவர் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவார். "வெட்டினார்" என்று நான் சொன்னால் நீதவான் கொஞ்சம் யோசிப்பார். "கொண்டுபோனார்" என்று அந்த வாழைக்குலைக்காரரின் வாயாலேயே வரவழைத்துவிட்டால், அன்று மத்தியானமே இரண்டு பேரும் ஒரே முச்சக்கர வண்டியில் வீட்டுக்குப் போவார்கள். அப்படி அனுப்பியும் இருக்கிறேன். சொல் தெரிந்தவள் என்ற கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அந்தக் கொழுப்பைக் கரைத்தவர் வாவிக்கு அக்கரையிலுள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் அக்கா என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அக்காவின் கணவரும் அக்காவின் தம்பியும் வாவியில் மீன் பிடிக்கிறவர்கள். யாருடைய வலையை யார் அறுத்தது என்று இருவருக்கும் பல நாளாகச் சண்டை. ஒருநாள் விடியக்காலை, கரைக்குக் கிட்ட, ஆளுக்கொரு தோணியில் நின்றபடி வாய்ச்சண்டை கைச்சண்டையாகிவிட்டது. தம்பி தோணி வலிக்கும் சவளால் அடித்ததில் மச்சானின் வலது கை எலும்பு முறிந்தது. ஆயுதத்தால் பாரதூரமான காயம் ஏற்படுத்தினார் என்று தம்பி மீது பொலிசார் வழக்குப் போட்டார்கள்.

அடித்ததைத் தம்பி மறுக்கவில்லை. "மச்சான்தான் முதல்ல கம்பால எனக்கு அடிச்சார், ரெண்டாம்தரமும் ஓங்கினார், தலையக் காப்பாத்தத்தான் வீசினன்" என்றார். மச்சானோ, "அவன்தான் முதல் அடிச்சவன்" என்று சத்தியம் செய்து சாட்சி சொல்லிவிட்டார். ஆக, வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது. முதல் அடி யாருடையது? அதைப் பார்த்தது கரையில் நின்ற அக்கா மட்டும்தான். அன்றைக்கு அவர் கணவரோடு ஆஸ்பத்திரியில் நின்றதால் பொலிசார் அவரிடம் வாக்குமூலம் எடுக்கவில்லை. நாங்கள்தான் அவரைச் சாட்சிக்கு அழைத்தோம்.

என் கந்தோருக்கு அவர் தனியாக வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கைப்பையின் ஸிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"மிஸ், நான் உண்மையச் சொன்னா மனுசன் என்னோட இரிக்க மாட்டார். சொல்லாட்டி தம்பி மறியலுக்குப் போயிருவான். எங்கட அம்மா செத்த நேரம் அவனுக்கு ஆறு வயசு. நான்தான் வளத்த."

"அப்ப உங்கட மனுசன் கோட்டில பொய் சொல்லிட்டார்."

நான் வழக்கம்போல் படாரென்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவர் பொய்க்காரன் இல்ல மிஸ்! வெக்கத்தில சொல்றார். தானே தொடங்கி, சின்னப் பொடியன்ட்ட அடி வாங்கிற்று வந்தா, ஆம்புள ஊருக்குள்ள என்னெண்டு முழிக்கிற?"

கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த பெண், அந்தக் கணவருக்காக என்னோடு சண்டைக்கு வருகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் அவர் அந்தக் கதிரையின் நுனியில் இருந்தார்.

நடந்ததை அவர் சொன்னார். கதையில் பிழை இல்லை, கண்ணால் கண்ட கதை. ஆனால் வாயைத் திறந்தால் மறுகா. மறுகா அவர் ஏசினார், மறுகா இவன் ஏசினான், மறுகா அடிச்சார், மறுகா விழுந்தான். எங்கள் பக்கத்தில் பிறகு என்பதற்கு மறுகா என்போம். நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தச் சொல்லைக் கேட்டபோது, ஏனோ எனக்கு வெட்கமாக இருந்தது. கொழும்பில் படித்த காலத்தில் யாரோ என் மறுகாவைக் கேட்டுச் சிரித்த ஞாபகமாக இருக்கலாம்.

"அக்கா, கோட்டில இப்பிடிக் கதைக்கேலாது. நீதவான் யாழ்ப்பாணத்தால புதுசா மாறி வந்தவர். மறுகா என்டா அவருக்கு விளங்காது."

"அப்ப என்னெண்டு சொல்ற?"

"பிறகு என்டு சொல்லுங்க."

"பிறகு." சொல்லிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "வாயில ஒட்டுதில்ல மிஸ்."

"ஒட்டும். மனுசன் என்டும் சொல்லாதீங்க, கணவர் என்டு சொல்லுங்க."

"கணவரா? ஐயோ, அவர் கேட்டா சிரிப்பார்."

இப்படி மூன்று தரம் வரவழைத்துப் பழக்கினேன். மறுகா என்று தொடங்கினாரோ, நான் சுட்டுவிரலைத் தூக்குவேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு "பிறகு" என்பார். மூன்றாம் நாள் ஒரு மறுகாவும் வரவில்லை. நான் பெருமையோடு அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். என்னைப் போல விசரி உலகத்தில் இருப்பாளா?

எங்கள் சாட்சியை விசாரிக்கும் விளக்க நாள் வந்தது. நீதவான் கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனிதர். சாட்சி சொல்வதைத் தன் கையாலேயே எழுதுவார். பொலிசார் சார்பில் வழக்கு நடத்துகிறவர் ஓட்டமாவடிப் பக்கத்துக்காரர். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். கன்டீனில் என்னோடு ஒரே மேசையில் இருந்து வடையைப் பிய்த்துத் தின்பார், உள்ளே வந்தால் என்னைப் பிய்த்துத் தின்பார். நல்ல மனிதர்.

அன்று காலை முழுவதும் சொற்சண்டைதான். அவர் "ஆயுதம்" என்பார், நான் எழும்பி "சவள்" என்பேன். "ஆயுதம் என்றுதான் குற்றப்பத்திரத்தில் இருக்கிறது" என்பார். "ஆயுதத்தால் யாரும் தோணி வலிப்பதில்லை, கனம் நீதவான் அவர்களே" என்பேன். பத்தாவது தடவையோ என்னவோ, அவரே வாய்தவறிச் "சவள்" என்று சொன்னார். எனக்குச் சீனி தின்ற மாதிரி இருந்தது.

பிறகு அக்காவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். மாம்பழ நிறச் சேலை, தலையில் நிறைய எண்ணெய். பின்வரிசை வாங்கில் அவருடைய கணவர் இருந்தார். முறிந்த கை பொருந்தியிருந்தாலும் சரியாக நீளாது, அதை மடியில் வைத்திருந்தார். எதிர்ப்பக்கத்துக் கூண்டில் தம்பி. அக்கா இரண்டு பேரையும் ஒவ்வொரு தரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

தொடக்கம் அழகாகப் போனது. "பிறகு" சொன்னார், "கணவர்" சொன்னார். நான் மனதுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன். சரியான இடம் வந்தது.

"உங்கள் கணவர் கம்பால் அடித்தார் என்றீர்கள். அதன் பின்னர் என்ன நடந்தது?"

 அவருடைய கண் கணவர் பக்கம் போய்விட்டது. பழக்கின தமிழெல்லாம் அந்த நேரத்தில் எங்கே நிற்கும்? "மறு..." என்று வாய் தொடங்கிவிட்டது. உடனே என் முகத்தைப் பார்த்தார். என் சுட்டுவிரல், சத்தியமாக, தானாகவே எழும்பியிருந்தது. 'கா' அவர் வாயிலேயே நின்றுவிட்டது. தொடங்கின சொல்லை எப்படியாவது நல்ல தமிழில் முடிக்க வேண்டுமே என்று தேடினார்.

"மறு... மறுபடியும் தம்பி சவளால் அடித்தார்."

ஓட்டமாவடிக்காரர் கதிரை அதிர எழும்பினார். "கனம் நீதவான் அவர்களே, 'மறுபடியும் அடித்தார்' என்பதை அப்படியே பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்!"

நீதவான் பதிந்தார். அந்தப் பேனா கடதாசியில் ஊர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் அடித்தார் என்றால், அதற்கு முன்னரும் ஒருதரம் அடித்திருக்கிறார். அப்படியென்றால் முதல் அடி தம்பியுடையது. வழக்கு போயிற்று. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல தமிழில் சொல்லி முடித்துவிட்ட நிம்மதியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஓட்டமாவடிக்காரர் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"எதிரி உங்களுக்கு என்ன முறை?"

குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் நீதிமன்றங்களில் எதிரி என்றுதான் சொல்வோம். நாங்கள் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லின் சூடு எங்களுக்கு ஆறிப்போய்விட்டது. அக்காவுக்கு ஆறவில்லை.

"எனக்கு எதிரி ஆருமில்லையே ஐயா."

பின்வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. "கூண்டில நிக்கிறவரைக் கேக்கிறன்" என்றார் அவர்.

"அவனா? அவன் என்ட தம்பி ஐயா! எதிரி என்டு சொல்லாதீங்க."

"சரி. உங்கள் தம்பி எத்தனை தரம் அடித்தார்?"

"ஒருக்காத்தான்."

"மறுபடியும் அடித்தார் என்று இப்போதுதானே சொன்னீர்கள்?"

"ஓம்."

"அப்போது இரண்டு தரம்."

"இல்ல ஐயா, ஒருக்கா."

"மறுபடியும் ஒருக்கா?"

"ஓம் ஐயா. மறுபடியும் ஒருக்கா."

நீதவான் பேனாவை வைத்துவிட்டார். தம்பிக்காகப் பொய் சொல்ல வந்து தடுமாறுகிற ஒரு பெண்ணை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு சாட்சி மீது விழுந்துவிட்டால் பிறகு அந்தச் சாட்சியின் வாயிலிருந்து என்ன வந்தாலும் எடுபடாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. யார் மீது கோபப்படுவது? ஓட்டமாவடிக்காரர் தன் வேலையைத்தான் செய்தார். பிழை முழுக்க என் விரலில் இருந்தது.

மீள்விசாரணைக்கு எழும்பினேன். கவனமாக, படித்த முறையில் கேட்டிருக்க வேண்டும். கோபம் விடவில்லை.

"அக்கா, நான் சொல்லித் தந்ததெல்லாத்தையும் வாவிக்குள்ள தூக்கிப் போடுங்க! உங்கட வாயால சொல்லுங்க."

"சொல்லித் தந்தாராம்!" ஓட்டமாவடிக்காரர் துள்ளி எழும்பினார். "சட்டத்தரணியே ஒப்புக்கொள்கிறார், கனம் நீதவான் அவர்களே! சாட்சிக்குச் சொல்லித் தந்திருக்கிறார்!"

"சட்டத்தரணி அவர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" நீதவானின் குரல் தாழ்ந்திருந்தது. அது நல்ல சகுனமல்ல.

"ஓம், சொல்லித் தந்தேன். கதையை அல்ல, தமிழை. இந்தப் பக்கத்துச் சனம் பிறகு என்பதற்கு மறுகா என்று சொல்லும். கனம் மன்றுக்கு விளங்காது என்று நினைத்து அதைச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் மறுகா என்று தொடங்கினார். என்னைக் கண்டு பயந்து மறுபடியும் என்று முடித்துவிட்டார். பிழை என்னுடையது, சாட்சியுடையதல்ல."

 இத்தனை வருடத்தில் திறந்த மன்றில் என் பிழையை நானே ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தரம்.

"இதை ஏற்க முடியாது, கனம் நீதவான் அவர்களே!" ஓட்டமாவடிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது, வேகம் பிடித்துவிட்டார். "மறுகா என்பதும் மறுபடியும் என்பதும் ஒரே சொல்தான். ஒன்று கொச்சை, மற்றது செம்மை. சாட்சி முதலில் உண்மையைச் சொன்னார். மறுகா சட்டத்தரணி எழும்பி அதை மாற்றப் பார்க்கிறார்!"

 முதலில் சிரித்தது வாசலில் நின்ற காவலர். பிறகு எழுதுவினைஞர் கடதாசிக்குப் பின்னால் முகத்தை மறைத்தார். ஓட்டமாவடிக்காரர் ஏன் சிரிக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் இப்போது சொன்ன மறுகா எந்த மறுகா?"

"நான்... எப்ப சொன்ன?" என்று கேட்டவருக்கு, அடுத்த நிமிடம் விளங்கிவிட்டது. அந்தப் பெரிய முகம் சிவந்து, பிறகு அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வாய் வழக்கம், கனம் நீதவான் அவர்களே. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான்" என்றபடி கதிரையில் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் மீது எனக்கு இருக்கும் அன்பு கொஞ்சநஞ்சமல்ல. விரும்பியிருந்தால் இன்னும் பத்து நிமிடம் இழுத்திருக்கலாம், அவர் இழுக்கவில்லை.

நீதவான் அக்காவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே சொல்லுங்கள். எனக்கு விளங்கும்."

அக்கா என் விரலைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"விடிய வெள்ளண ஐயா. நான் கரையில நிண்டு வல உதறிக்கொண்டிருந்தன். ரெண்டு தோணியும் கிட்டக் கிட்ட. என்ட மனுசன் ஏசினார், தம்பியும் ஏசினான். மறுகா மனுசன் கம்பத் தூக்கி அவன்ட தோளில போட்டார். அவன் குனிஞ்சிட்டான். மறுகா அவர் ரெண்டாம்தரமும் ஓங்கினார். மறுகாதான் ஐயா இவன் சவள வீசினான். அது அவர்ர கையில பட்டிட்டு. மறுகா ரெண்டு பேரும் அழுதாங்க. தம்பிதான் அவரத் தூக்கித் தன்ட தோணியில போட்டுக் கரைக்குக் கொண்டு வந்த."

இரண்டு பேரும் அழுத கதையை அவர் என்னிடம் சொல்லியே இருக்கவில்லை. நான் சொற்களைத் திருத்திக்கொண்டிருந்த மூன்று நாளும் அந்தக் கதைக்கு இடமே கிடைக்கவில்லை போலும். கூண்டில் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படியானால் முதலில் அடித்தது யார்?" நீதவான் கேட்டார்.

அக்கா நீதவானைப் பார்த்துச் சொல்லவில்லை. பின்வாங்கைப் பார்த்துச் சொன்னார்.

"என்ட மனுசன்."

கணவர் எழும்பினார். யாரையும் பார்க்காமல், வாங்குகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டார். கதவு ஆடி ஓயும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தீர்ப்பு சில கிழமைகளுக்குப் பிறகு வந்தது. தம்பி விடுதலை. என்னுடைய வாதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, சாட்சி தன் இயல்பான பேச்சில் சொன்ன ஒழுங்கை மன்று நம்புகிறது என்று மட்டும் இருந்தது. சரிதான். ஆனால் எனக்கு இந்த வழக்கு முடிந்தது தீர்ப்பு நாளில் அல்ல, சாட்சி சொன்ன அதே நாள் பின்னேரம்.

மன்று கலைந்து, கையெழுத்தெல்லாம் வைத்து வெளியே வர நேரமாகிவிட்டது. அக்கா வாசல் மரத்தடியில் நின்று வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். கணவர் இல்லை. காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்திருந்தார்கள். கணவருடைய கை பஸ் கம்பியைப் பிடிக்காது என்பதால், அக்காதான் அவருடைய பையையும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"போயிட்டார் மிஸ்" என்றார். அழவில்லை. "நான்தான் சொன்னனே."

ஏறுங்கள் என்று என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். கறுப்புக் கோட்டோடு நான் ஓட்ட, மாம்பழச் சேலையோடு அவர் பின்னால்.  எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஆறுதலாக ஏதாவது சொல்ல நூறு சொல் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. என் மீதே எனக்கு எரிச்சல். ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டு வழக்கில் வென்று என்ன பிரயோசனம் என்று, தலைக்கவசத்துக்குள் எனக்கு நானே ஏசிக்கொண்டு ஓட்டினேன்.

வாவியைக் கடக்க அங்கே மிதவைப் படகு இருக்கிறது. பாதை என்றுதான் அதைச் சொல்வோம். ஐந்து மணிப் பாதை போயிருக்கும் என்று நினைத்துத்தான் துறைக்கு வந்தோம். மணி ஐந்தரை ஆகப்போகிறது. பாதை போகவில்லை. மோட்டார் சைக்கிள்களும் சனமுமாக நிறைந்து நின்றது. எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பாதைக்காரர் கையை வீசிக் கத்தினார்.

"கெதியா வாங்கம்மா, கெதியா! சனமெல்லாம் எனக்கு ஏசுது. இந்த மனுசன் விடுறாரில்ல!"

பாதையின் ஏறுபலகையில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக அக்காவின் கணவர் நின்றார். இடது கையில் பை. வலது கை மடிந்தபடியே கிடந்தது. எங்களைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அரை மணித்தியாலமா இப்பிடித்தான் நிக்கிறார்" என்றார் பாதைக்காரர். "கேட்டா, என்ட பொஞ்சாதி கோட்டில உண்மையச் சொல்லிட்டு வாறா, அவ இல்லாம போகேலாது என்டு ஒரே பிடி."

அக்கா ஸ்கூட்டியை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில், கறுப்புக் கோட்டோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். சத்தியம் செய்துவிட்டு மன்றில் சொல்லமுடியாததை அக்காவின் கணவர் பாதைக்காரரிடம் சொல்லியிருந்தார்.

அக்கா பலகையில் ஏறினார்.  கணவரின் இடது கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.